எண்பத்து நான்கு

லெட்வில் ஊர்ப் பலகையில் பெயருக்குக் கீழே
ஜனத்தொகை இல்லை, உயரம் எழுதியிருக்கிறது:
பத்தாயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு அடி.
தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசல்
கடலைவிட ஒரு சாண் உயரம்.
ஐப்பசி மழையில் அதுவும் இல்லை.

பெட்டியைத் திறந்தால்
துணிகள் மேல் ஷாம்பு துப்பியிருந்தது.
மிக்சர் பாக்கெட் தலையணைபோல் உப்பி
தொட்டால் வெடிப்பேன் என்றது.
"வெளியே காத்து கொறச்சல்.
உள்ள இருக்கிற காத்து கால நீட்டிக்குது"
என்றான் லிவிங்ஸ்டன்.
மூன்று வருஷம் விசாவுக்குக் காத்திருந்த பெண்டாட்டியிடம்
அவன் பேசிய முதல் நீளமான வாக்கியம்.

மாடிப்படி பதினாறு.
ஒன்பதாவதில் நின்று
சுவரில் எதையோ படிப்பதுபோல் நடித்தேன்.

கிளினிக்கில் மார்லா
என் விரலைக் கிளிப்பில் கடிக்கவிட்டாள்.
எண்பத்து நான்கு.
கணக்கில் எண்பத்து நான்கு வாங்கிய அன்று
வீட்டில் கேசரி கிண்டினார்கள்.
மார்லா உதட்டைப் பிதுக்கினாள்.
தண்ணீர் குடி, மெதுவாக நட,
உடம்புக்குத் தெரியும் என்றாள்.

தெரிந்திருந்தது.
என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கியிருந்தது.
நுரையீரல் வாரி வாரி இழுத்ததில்
வெளியே போகவேண்டியதற்கு மேலேயே போய்
ரத்தத்தில் காரம் ஏறிவிட்டது.
அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம்
ராத்திரி நாலு தரம் என்னை எழுப்பிக் கூட்டிப்போனது.
போகிற வழியில் எலும்புக்கும் சொல்லியனுப்பியது:
ஆள் பற்றாது, சிவப்பில் இன்னும் அனுப்பு.

தூக்கத்தில்தான் கோளாறு.
மூச்சு ஏறுமாம், இறங்குமாம்,
அப்புறம் நிற்குமாம்.
முங்கி எழுந்தவள்போல் இழுப்பேனாம்.
"பதினோரு செகண்ட்" என்றான்
பல் துலக்கிக்கொண்டே.
"எண்ணுனீங்களா?"
வாய் நிறைய நுரை அவனுக்கு.

ஐந்தாம் நாள்
விரல் மெஷினுக்கு பேட்டரி தேடி
இழுப்பறையைத் துழாவினேன்.
நாலாய் மடித்த ஆஸ்பத்திரி ரசீது.
அவன் சுரங்க ஆபீசில் சேர்ந்து மூன்றாம் நாள் தேதி.
நுரையீரலில் நீர்.
ஆம்புலன்ஸ், டென்வர் வரை.
நாலு இரவு.

அந்த வாரம் போனில்
அவன் குரல் கிணற்றிலிருந்து வந்தது.
கேட்டேன்.
"லேசா சளி. வேற ஒண்ணுமில்ல."
நான் மிளகு ரசம் வைக்கச் சொன்னேன்.
மிளகு ரசம்!
தனக்குள்ளேயே மூழ்கிக்கொண்டிருந்தவன்
என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை.

இங்கே தண்ணீர் தொண்ணூறு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
தளதளக்கும், மூடியைத் தள்ளும்,
பருப்பு மட்டும் வேகாது.
ரசீதைப் பிடித்துக்கொண்டு
நானும் அப்படித்தான் கத்தினேன்.
பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கி
நாற்காலியைப் பிடித்தேன்.
தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான்.
"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட."
வந்திருக்க மாட்டேன்தான்.
உன்னையும் இறங்கி வரச் சொல்லியிருப்பேன்.

சிவப்பணுவுக்கு ஆயுள் நூற்றிருபது நாளாம்.
மார்லாதான் சொன்னாள்.
விமானம் ஏறிய ரத்தத்தில்
பிப்ரவரிக்கு மேல் ஒரு சொட்டும் மிஞ்சாது.
அந்தப் போனை எடுத்துப் பேசிய ரத்தம்
எப்போதோ போய்விட்டது.
ரசீதைப் படித்த ரத்தம் இருக்கிறவரை
இவனோடு பேசுவதில்லை என்று
விரல்விட்டு நாள் எண்ணினேன்.
ஜன்னலில் எல்பர்ட் மலை
யாருக்கும் பதில் சொல்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தது.

நேற்று விரலில் தொண்ணூறு.
படி பதினாறும் ஒரே மூச்சில்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ராத்திரி, பக்கத்தில், இருட்டில்
உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம்:
ஏழு, எட்டு, ஒன்பது,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன்போல், தமிழில்.
தூங்கவில்லை நான்.
கண்ணை மூடிக்கொண்டு
பதினொன்றைத் தாண்டவிட்டேன்,
வேண்டுமென்றே.
பன்னிரண்டு.
இப்போது
அவன் மூச்சும் நின்றிருந்தது.